சட்டம் கேள்வி பதில்: கைக்கு வராத நியமன உத்தரவு

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிவிடுகிறதே, அந்த அதிகாரம் அவர்கள் அரசியல் சாசனத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?

பதில்: தேடினால் கிடைக்காது. அப்படி வெளிப்படையாக ஒரு வரிகூட அதில் இல்லை. 1803-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய ஒரு தீர்ப்பில்தான் அது நிலைபெற்றது. வழக்கு என்னவோ சின்னது. 1801 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கும் நேரத்தில் அதிபர் ஜான் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களுக்கு அவசர அவசரமாகப் பதவிகளைப் போட்டுக்கொடுத்தார், அதில் வில்லியம் மார்பரிக்குத் தலைநகரில் ஒரு கீழ்மட்ட நீதிபதி வேலை. கையெழுத்து ஆயிற்று, முத்திரையும் வைத்தாயிற்று, ஆனால் உத்தரவு அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து அதிபராக வந்த ஜெஃபர்சன் அதைக் கொடுக்கவே விடவில்லை. மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அந்த உத்தரவை அனுப்பி வைத்திருக்க வேண்டிய அப்போதைய வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? இதே மார்ஷல்தான்! இன்றைக்கென்றால் அந்த வழக்கை அவர் விசாரிப்பதற்கே ஊர் கொதித்திருக்கும்.

அவர் என்ன செய்தார் என்றால், மார்பரிக்குப் பதவி பெற உரிமை உண்டு, ஆனால் நேராக எங்களிடமே வந்து கேட்க வழிவிடும் 1789-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு சாசனத்துக்கு முரணானது, அதனால் செல்லாது என்றார். மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. ஜெஃபர்சனுக்கோ, மீறலாம் என்றால் மீறுவதற்கு ஒரு நீதிமன்ற உத்தரவே இல்லை. பலே ஆள்.

கேள்வி: போனே இல்லாத காலத்துச் சாசனம் போனுக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: 1791-இல் சேர்ந்த நான்காவது திருத்தம் ஆள், வீடு, காகிதம், உடைமை ஆகியவற்றை நியாயமில்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. 1928-இல் வீட்டுக்கு வெளியே இருந்த கம்பியில் அதிகாரிகள் ஒட்டுக்கேட்ட வழக்கு வந்தபோது, யாரும் உள்ளே நுழையவில்லை, எதையும் எடுக்கவில்லை, அப்புறம் எங்கே சோதனை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. 1967-இல் பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறம் கருவி வைத்து ஒட்டுக்கேட்டதைத் தவறு என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர் தன் பேச்சு வெளியே போகாது என்று நம்பித்தானே பேசுகிறார். 2014-இல், கைதானவரின் செல்போனைப் பொதுவாக வாரன்ட் இல்லாமல் துழாவக் கூடாது என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனைக்கும் திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எழுதிய காலத்துப் பொருளைத்தான் பிடிக்க வேண்டும் என்கிறவர்களும், காலத்தோடு பொருளும் வளரும் என்கிறவர்களும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு 1928 தீர்ப்பு சொல்லைக் காப்பாற்றிவிட்டு நோக்கத்தைத் தொலைத்ததாகவே படுகிறது.

கேள்வி: அந்த நீதிபதிகளை இறக்கவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் இதுவரை ஒருவரும் நீக்கப்பட்டதில்லை. நீதிபதி சாமுவேல் சேஸ் மீது 1804-இல் காங்கிரஸின் கீழவை குற்றம் சாட்டியது, 1805-இல் மேலவையான செனட் விடுவித்தது, மனிதர் 1811-இல் சாகும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தார்.