டிசம்பரிலும் போகாத ஹம்மிங்பேர்ட்: சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் வீட்டு பால்கனியில் ஹம்மிங்பேர்டுக்காகச் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்குகிறது. டிசம்பர் பிறந்தும் ஒரு பறவை மட்டும் போகவில்லை. வேறு எது வந்தாலும் விரட்டுகிறது. அதன் கழுத்து சில நேரம் கறுப்பாகவும் சில நேரம் ரோஜா நிறமாகவும் தெரிகிறது. குப்பியால்தான் வலசையை மறந்துவிட்டதா? எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அன்னா ஹம்மிங்பேர்டின் ஆண். கலிபோர்னியாக் கரையோரத்தில் வருடம் முழுக்க இருக்கிற இனம் இது. வலசை போகும் ரூஃபஸ் போன்ற இனங்களையும் குப்பி பிடித்து வைக்காது. பகல் நேரம் குறையக் குறைய அவை தாமாகவே கிளம்பிவிடும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் ஒளி. கழுத்திலும் நெற்றியிலும் உள்ள இறகுகளின் நுண்ணமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் கோணத்தில் நீங்கள் நின்றால் ரோஜா நிறம், இல்லாவிட்டால் கறுப்பு. பெண்ணுக்குக் கழுத்து நடுவில் சின்னச் சிவப்புத் திட்டு மட்டும்தான் இருக்கும்.

விரட்டுவது அதன் சுபாவம். ஐந்து கிராம்கூடத் தேறாத உடம்புக்கு அத்தனை ரோஷம்! இன்னொரு குப்பியை முதல் குப்பி கண்ணில் படாத பக்கமாக, வீட்டின் மறுபுறத்தில் கட்டுங்கள். ஒரே ஆள் இரண்டையும் காவல் காக்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில்தான் நம்மவர்கள் தப்பு செய்கிறார்கள். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர், அவ்வளவுதான். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் நமக்கு நல்லதாக இருக்கலாம். அவற்றிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை. வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் குளிரில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையும் வெந்நீரில் கழுவி மாற்றுங்கள். கலங்கியிருந்தால் உடனே கொட்டிவிடுங்கள். பால்கனிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்; சிறு பூச்சிகளும் சிலந்திகளும் இதன் உணவு. பெண் பறவை கூட்டைப் பிணைத்துக் கட்டுவதும் சிலந்தி நூலால்தான். டிசம்பரிலேயே கூடு தொடங்கிவிடும் என்பதால், மரக்கிளையை வெட்டுமுன் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு மரத்துப்போன நிலையில் கிடக்கும். காலையில் கிளையில் அசையாமல் இருந்தால் செத்துவிட்டது என்று தொடாதீர்கள். சற்று நேரத்தில் தானே உடம்பைச் சூடேற்றிப் பறந்துவிடும். தரையில் விழுந்து கிடந்தால் மட்டும் அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு மையத்துக்கு போன் செய்யுங்கள்.