மூன்றாவது கட்சிக்குப் போடும் ஓட்டு வீண்தானா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால், 1969ஐத்தான் முதலில் சொல்லத் தோன்றும். தொடங்கி ஓராண்டு சொச்சமே ஆகியிருந்த கெராக்கான் கட்சி, அந்தத் தேர்தலில் மாநிலத்தின் 24 சட்டமன்ற இடங்களில் 16ஐப் பிடித்து ஆட்சி அமைத்தது. அப்புறம் நாட்டை ஆண்ட கூட்டணியோடு கைகோத்து, அதன் வாரிசான பாரிசான் நேசனல் கூட்டணியில் ஐக்கியமாகி, 2008ல் இங்கே ஓர் இடம்கூட இல்லாமல் போனது. புதுக் கட்சி வெல்லலாம், தனியாக நிற்பதுதான் கடினம்.

காரணம் தேர்தல் முறை. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம், இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1992ல் ரோஸ் பெரோ சுமார் 19 விழுக்காடு மக்கள் வாக்கு பெற்றும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்கில் அவருக்கு ஒன்றுகூட விழவில்லை. மலேசியாவில் நாடாளுமன்ற வேட்பாளர் பத்தாயிரம் ரிங்கிட் வைப்புத்தொகை வேறு கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு ஓட்டுகூட வரவில்லையென்றால் அதுவும் போச்சு.

சுங்கை சிப்புட் தொகுதியில் 2008ல் மஇகா தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார், சிறு கட்சியான பிஎஸ்எம் (மலேசிய சோசலிசக் கட்சி) கட்சிக்காரர்தான், ஆனால் நின்றது பெரிய எதிர்க்கட்சியான பிகேஆரின் சின்னத்தில். 2018ல் சொந்தச் சின்னத்தில் நின்றார், தோற்றார். உழைப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை; இரு பெரும் கூட்டணிகளின் மோதலில் நசுங்கிவிட்டார்.

சரி, எப்போதும் இப்படித்தானா? இல்லை. ஆதரவு ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தால் கணக்கே மாறும். 2022 நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மைக்கான 112 இடம் கிடைக்காதபோது, சரவாக் மாநிலத்துக் கட்சிகளின் கூட்டணியான ஜிபிஎஸ் 23 இடங்களோடு பேரம் பேசும் நிலையில் இருந்தது. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆதரவுக்கு, வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை வராதவரை அந்த வாய்ப்பு அரிது.