சம்பிரதாயம் என்றால் கையெழுத்து எதற்கு?

வாழப்பாடித் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மெல்போர்னில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது. மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து மட்கும் பை செய்யும் ஆய்வு. பாதிச் செலவை அங்குள்ள ஒரு நிறுவனம் ஏற்கிறது. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் வியாபாரம் பிடிப்பது அதன் நோக்கம். உதவித்தொகை போதுமா, குளிர் தாங்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மனைவியை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நிறுவனத்துக்காக ஏதோ தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அது சம்பிரதாயம்தானே அக்கா?"

தம்பி, மற்றதெல்லாம் தானாக நடக்கும். சோறு கிடைக்கும், இட்லி மாவுகூடக் கிடைக்கும். கம்பளிக் கோட்டை அங்கே போய் வாங்குங்கள். சேலம் கடைவீதியில் நான் வாங்கிப் போனது முதல் வாரத்திலேயே தலையணை உறையாகிவிட்டது. முனைவர் பட்ட மாணவரின் மனைவி அங்கே வேலை செய்ய மணிக்கணக்குக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் சீக்கிரமே அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைசி வரிக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

நான் போனது 2005 ஜூலை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆஸ்திரேலியாவுக்கும் தாய்லாந்துக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்திருந்தது. ஸ்டார்ச் உலர்த்தும் இயந்திரங்களைத் தாய்லாந்து ஆலைகளுக்கு விற்க ஆசைப்பட்ட ஒரு நிறுவனம் என் பேராசிரியருடன் கைகோத்திருந்தது. சேலத்துப் பெண், ஸ்டார்ச் தெரிந்தவள் என்று என்னை எடுத்தார்கள். பனி மூடிய காலையில் ஏற்காடு மாதிரி இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஏற்காட்டுப் பனி பத்து மணிக்கு விலகிவிடும். அங்கே பத்து மணிக்குத்தான் மழை தொடங்கியது.

முதல் வாரமே 14 பக்கத் தாளை மேசையில் வைத்தார்கள். பேராசிரியர் பேனாவை நீட்டும்போது "படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கும்படி வளர்க்கப்பட்டவள் நான். போட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் என் அப்பா ஆத்தூர் சாலையில், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மேஸ்திரி. கிழங்கு வண்டி வந்ததும் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து, தண்ணீரில் மூழ்கடித்து எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று அதில் தெரியும். பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. ஒரு விவசாயிகூடத் தராசு முள்ளை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். தோளில் துண்டோடு குனிந்து, கண்ணைச் சுருக்கி, சிலர் இரண்டாம் முறையும் நிறுக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு அதில் கோபமே வராது. அவர் மகள் 14 பக்கத்தை எட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: ஆய்வில் கண்டுபிடிப்பது எதுவானாலும் நிறுவனத்துக்குச் சொந்தம், கட்டுரை வெளியிட அவர்கள் அனுமதி வேண்டும், பட்டம் கிடைத்தபின்னும் இரண்டு ஆண்டு வரை ஆய்வேட்டைப் பூட்டி வைக்கலாம். வைத்தார்கள். வேலைக்கான நேர்காணல்களில் "என்ன வெளியிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, காட்ட என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. பழங்கள் அடுக்கும் கிடங்கில் பதினோரு மாதம் வேலை பார்த்தேன். வெட்கமில்லை. பெட்டி தூக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான், இன்றும் ஓட்டுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் மாணவர் கண்டுபிடித்தது, எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக மாணவருக்கே சொந்தம். சம்பளம் வாங்கும் பேராசிரியர் விஷயத்திலேயே 2009-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் கிரே என்பவருக்கு எதிரான மேல்முறையீட்டில் தோற்றது. ஆராய்ச்சி செய்யச் சம்பளம் கொடுத்தோம் என்பதாலேயே கண்டுபிடிப்பு எங்களுடையது என்ற வாதம் எடுபடவில்லை. உங்களிடம் கையெழுத்துக் கேட்பது அதனால்தான். சம்பிரதாயம் என்றால் எதற்காகக் கேட்கிறார்கள்?

கையெழுத்தே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. நிறுவனம் பணம் போடுகிறது, அதற்கும் ஏதாவது வேண்டும். காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் வருமா, பணம் வந்தால் பங்கு உண்டா, ஆய்வேட்டை எத்தனை மாதம் நிறுத்தி வைப்பார்கள், நிறுவனம் நடுவில் விலகினால் உங்கள் உதவித்தொகையை யார் தருவார்கள்? மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கத்தின் வழியாக இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. இதை எனக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், அதுவும் மூன்றாம் ஆண்டில். நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் முதல் மாதமே வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்கள்; எந்தப் பகுதியில் வீட்டு விலை ஏறும் என்று இரவு பன்னிரண்டு வரை பேசினார்கள். இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "வந்த புதிதில் எல்லோருக்கும் கஷ்டம்தான்" என்பதோடு அவர்கள் அறிவுரை முடிந்துவிடும்.

பல்கலைக்கழக ஆய்வால் ஆசிய நாடுகளோடு வியாபாரம் வளராது என்றும் நான் சொல்லவில்லை. 1957-இல் ஜப்பானோடு ஆஸ்திரேலியா வணிக ஒப்பந்தம் போட்டபோது வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஜான் கிராஃபோர்ட்தான் பிறகு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்களும் ஜப்பானியர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செய்த ஆய்வு, 1980-இல் கான்பெராவில் ஒரு கருத்தரங்கம், 1989-இல் அதே ஊரில் 12 நாடுகளோடு ஏபெக் என்னும் ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் முதல் கூட்டம் என்று வளர்ந்தது. இந்தியா இன்றுவரை அதில் இல்லை என்பது வேறு கதை. ஆனால் பெரியவர்கள் போடும் பாதையில் செங்கல் சுமப்பவர் நீங்கள். கூலிக் கணக்கை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் தாய்லாந்தின் கோராட்டுக்கு அழைத்துப் போனார்கள். மரவள்ளிக்குப் பேர் போன ஊர். நிறுவன மேலாளர் மடிக்கணினியைத் திறந்து படம் படமாகக் காட்டினார். ஆலை முதலாளி, எழுபது வயதிருக்கும், கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஆலைக்குள் நடந்தோம். அவர் ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். அப்பா தேய்ப்பது அதே போலத்தான். என் கையும் தானாகப் போனது. எடுத்துத் தேய்த்து, ஈரம் அதிகம் என்று தலையாட்டினேன். பெரியவர் சிரித்துவிட்டார். சிப்பந்தியைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். இரண்டு இயந்திரங்களுக்கு ஆர்டர் வந்தது அதற்குப் பிறகுதான். நிறுவன அறிக்கையில் என்னை "உடன் வந்த மாணவி" என்று எழுதியிருந்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்குத் தென்கிழக்கு ஆசியாவோடு இந்த வகைத் தொழில் உறவு புதிதல்ல. 1940-களில் உலகப் போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனபோது, சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்துதான் இங்கே ஜவ்வரிசித் தொழிலைத் தொடங்கினார்கள். மலேயாவில் கற்ற வேலை, சேலத்துக் கிழங்கு. துணியில் மாவைப் போட்டுத் தொட்டில் போல ஆட்டி உருண்டையாக்குவதைச் சிறுவயதில் அப்பாவின் ஆலையில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மாவு எடுத்த பின் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பி காயும் புளித்த வாடை சட்டையில் ஏறிவிடும், அம்மா திட்டுவாள். மெல்போர்ன் ஆய்வகத்தில் ஒருநாள் ஒரு குடுவை புளித்துப்போய் அதே வாடை வந்தது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் முடியும்வரை அம்மாப்பேட்டையில் என் தம்பி வீட்டில்தான் இருப்பேன். அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி அழைத்தால் ஆள் அனுப்புகிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லையே?