படித்த பாடத்துக்குப் பரீட்சை எழுதாமல் விடலாமா?

அன்புள்ள சார்,

நான்கைந்து வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எப்போதாவது ஒரு கதையைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் முதல் கடிதமே வீட்டுப் பஞ்சாயத்தாகிவிட்டது, மன்னிக்கவும்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. இந்த வருடம் நான்கு ஏ.பி. (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மெண்ட், பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம்) வகுப்புகள்: கால்குலஸ், அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், வேதியியல். போன வாரம் திடீரென்று, வேதியியலுக்கு மட்டும் மே மாதத் தேர்வு எழுதப் போவதில்லை என்கிறாள். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊர் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் சேர்வதற்கான ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சி இருக்கிறதாம், வாரத்தில் இரண்டு மாலை. "டாக்டர் ஆகணும்னு சொல்றவ கெமிஸ்ட்ரியை விடலாமா?" என்று கேட்டேன். "கெமிஸ்ட்ரியை விடலப்பா, பரீட்சையைத்தான் விடறேன்" என்கிறாள்.

நான் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படித்தவன். ஒரு வருடம் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகாமல் இருப்பது எனக்கு, உலை வைத்து வடித்துவிட்டு இலை போடாமல் எழுந்து போவது மாதிரி இருக்கிறது. என் மனைவி மகள் பக்கம். எங்கள் நண்பர் ஒருவரின் பையன் பதினான்கு ஏ.பி. எழுதியவன். நாங்கள் நான்கிலும் ஒன்றைக் குறைப்பதா? நவம்பருக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உலை வைத்த உவமை நன்றாக இருந்தது. ஆனால் சோற்றை வகுப்பிலேயே சாப்பிட்டாயிற்று. மே மாதம் நடப்பது, சாப்பிட்டதற்கு ரசீது வாங்குகிற வேலை. அந்த ரசீதை எந்தக் கடையில் நீட்டினால் என்ன தருவார்கள் என்பதுதான் கேள்வி.

நாமக்கல்லில் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் பரீட்சை என்றால் வரிசை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அரை மார்க் போனால் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் போய்விடுவார்கள். வருடம் முழுக்கப் படித்தது அந்தத் தாளில் ஏறாவிட்டால் படிக்காததற்குச் சமம். நானும் அதே ஆலையில் அரைபட்டவன்தான். அந்தக் கண்ணோடு ஏ.பி.யைப் பார்க்கிறோம், அங்கேதான் தடுக்கி விழுகிறோம். ஏ.பி.யில் வரிசை கிடையாது. 1 முதல் 5 வரை ஒரு எண், சில பாடங்களில் எழுபது சதவீதத்தை ஒட்டி எடுத்தாலே 5 வந்துவிடும். பிடிக்காத எண் வந்தால் எந்தக் கல்லூரிக்கும் காட்டாமலே இருக்கலாம்.

கல்லூரி உங்கள் மகளின் விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது, அவள் பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களை எடுத்தாளா, அதில் என்ன கிரேடு வாங்கினாள் என்பதைத்தான். பெரும்பாலான பள்ளிகளில் ஜிபிஏ-வில் (கிரேடுகளின் சராசரி) கூடுதல் எடை சேர்வதும் வகுப்புக்காகத்தான், தேர்வுக்காக அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் இது இன்னும் வெளிப்படை. மார்ச் கடைசிக்குள் பெரும்பாலான கல்லூரிகள் முடிவைச் சொல்லிவிடும், தேர்வு மே மாதம், மதிப்பெண் ஜூலையில். அந்த வருடத் தேர்வு கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு ஒரு துரும்பும் உதவாது. பிறகு எதற்கு எழுதுகிறார்கள்? கிரெடிட்டுக்கு, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வதற்கு.

இந்தப் பரீட்சை பிறந்ததும் அதற்காகத்தான். 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸெட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் கூடி உட்கார்ந்து பேசின. லாரன்ஸ்வில் உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் கடைசி வருடம் படித்ததையே பையன்கள் கல்லூரியில் முதல் வருடம் மறுபடி படிக்கிறார்கள், இது என்ன வீண் வேலை என்பதுதான் பேச்சு. 1955-ல் காலேஜ் போர்டு என்ற அமைப்பு அந்தத் திட்டத்தை எடுத்து நடத்தத் தொடங்கியது. படித்ததை இரண்டாம் முறை படிக்காமல் இருக்க ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மகளின் வேதியியலுக்கு வருவோம். அவள் நினைப்பது மருத்துவம். இங்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு முடித்தபிறகுதான் மருத்துவக் கல்லூரி. பல மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை வேதியியலுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை. ஏற்கிற சிலவும், அப்படியானால் அதற்கு மேற்பட்ட வேதியியல் பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிற) பிள்ளைகளில் நிறையப் பேர் கையில் 5 வைத்துக்கொண்டே முதல் வருடம் பொது வேதியியல் வகுப்பில் போய் உட்காருகிறார்கள். மறுபடி படிக்காமல் இருக்கக் கொடுத்த சீட்டு, மறுபடி படித்தே ஆகவேண்டிய பாடத்துக்கு. உங்கள் மகள் இதையெல்லாம் யோசித்தாளா, இல்லை மாலை நேரத்தை மட்டும் எண்ணினாளா என்று தெரியவில்லை. எப்படியோ சரியான பாடத்தைப் பிடித்திருக்கிறாள்.

மற்ற மூன்றும் வேறு கதை. ஆங்கிலமும் வரலாறும் கட்டாயம் எழுதட்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 3 அல்லது 4 இருந்தால் பொதுப்பாடங்களில் ஒன்றிரண்டு கழிந்துவிடும். டெக்ஸஸிலும் இல்லினாயிலும் 3-க்கு கிரெடிட் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் 3-லிருந்து தருகிறது. நேர்மாறாக பிரௌன், டார்ட்மத், கால்டெக் போன்ற இடங்களில் 5 வாங்கினாலும் பட்டத்துக்கான கிரெடிட் இல்லை. உங்கள் நண்பரின் பையன் எழுதிய பதினான்கில் எத்தனை கல்லூரியில் செலாவணி ஆயின என்று அடுத்த பிறந்தநாள் விருந்தில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவன் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. ஆனால் தேர்வு ஒன்றுக்கு 99 டாலர் என்ற 2025 கணக்கில் பெருக்கினால் 1,386 டாலர்.

கால்குலஸில்தான் எனக்குச் சூடு பட்ட அனுபவம். (அவள் எடுப்பது கால்குலஸ் ஏ.பி.யா (AB) பி.சி.யா (BC) என்று நீங்கள் எழுதவில்லை. தமிழில் எழுதினால் 'ஏ.பி. கால்குலஸ் ஏ.பி.' என்று வந்து தொலைக்கிறது, என்ன செய்ய. முதலாவது கல்லூரியில் ஏறக்குறைய ஒரு செமஸ்டர் அளவு, பி.சி. இரண்டு செமஸ்டர்.) என் மகன் அந்த முதலாவதில் 5 வாங்கினான். கல்லூரி, முதல் கால்குலஸைத் தாண்டி நேராக இரண்டாவதுக்குப் போகலாம் என்றது. அவன் தயங்கினான். நான்தான், ஒரு பாடத்துக்கான கட்டணம் மிச்சம், போ என்று தள்ளினேன். அக்டோபரில் முதல் மிட்டெர்ம், நூற்றுக்கு 38. அவன் படித்த கால்குலஸ் தேர்வுக்குப் படித்த கால்குலஸ். எந்த மாதிரிக் கேள்விக்கு எந்த வழி என்று விரல்நுனியில் இருந்தது, ஏன் அந்த வழி என்பது இல்லை. அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்த செமஸ்டரில் முதல் கால்குலஸிலிருந்தே தொடங்கினான். மிச்சம் பிடித்த பணமும் போனது. அதைவிட, அந்த டிசம்பர் விடுமுறையில் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனவே கணக்கை எழுதட்டும், வாங்கட்டும். அதை வைத்துத் தாண்டுவதா வேண்டாமா என்பதை மட்டும் கல்லூரிக்குப் போய், அங்கே வைக்கிற கணக்குத் தேர்வைப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

பரீட்சையே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு என்று ஒரு அரசுப் பள்ளி. பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாண்டே அங்கே கணக்கு ஆசிரியர். 1982-ல் அவருடைய மாணவர்கள் பதினெட்டுப் பேர் ஏ.பி. கால்குலஸ் எழுதித் தேறினார்கள். விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள் இருக்கின்றனவே என்று தேர்வு நடத்தியவர்களுக்குச் சந்தேகம். பதினான்கு பேரை மறுபடி எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அந்தப் பிள்ளைகளின் பள்ளி கொடுக்கும் 'ஏ' கிரேடை வெளியே யாரும் நம்பத் தயாராக இல்லை, அவர்களுக்கு அந்த எண் தேவைப்பட்டது. 2018-ல் வாஷிங்டன் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் எட்டு, நாங்கள் ஏ.பி. பாடங்களையே நிறுத்தப் போகிறோம் என்று சேர்ந்து அறிவித்தன. அவர்களால் முடியும், பள்ளியின் பெயரே பேசும். உங்கள் மகளின் பள்ளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அங்கே 'ஏ' வாங்குவது அரிதா, எல்லோருக்கும் கிடைக்கிற பிரசாதமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பிரசாதம் என்றால் வேதியியலில் ஒரு 5 கொஞ்சம் கனம் சேர்க்கும். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்தான் விண்ணப்பத்துக்கு நேரத்தில் வந்து சேரும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யேல் போன்ற இடங்களை மனதில் வைத்திருந்தால் இன்னொன்று: எஸ்.ஏ.டி. என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக ஏ.பி. மதிப்பெண்களையும் தரலாம் என்று 2024-ல் யேல் அறிவித்தது.

இதையெல்லாம் தராசில் போட்டாலும் என் தட்டு ஆம்புலன்ஸ் பக்கம்தான் சாய்கிறது. டாக்டராக ஆசைப்படுகிற பெண், பதினாறு வயதில், நடுராத்திரியில் மூச்சு முட்டுகிற ஒரு கிழவரின் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கப் போகிறாள். இது வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்கே அங்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்று தெரிந்தாலும் லாபம்தான், எட்டு வருடப் படிப்பும் கடனும் மிச்சம்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வாரமே பள்ளி கவுன்சலரிடம் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் ஏ.பி. வகுப்பில் சேர்ந்தவர்கள் தேர்வு எழுதாவிட்டால் அந்தக் கூடுதல் எடையைக் கழித்துவிடுவார்கள், வேறு சில பள்ளிகளில் வகுப்பின் பெயரையே மாற்றிப் போடுவார்கள். உங்கள் பள்ளியில் அப்படி விதி இருந்தால் நான் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு எழுதச் சொல்லுங்கள், ஆனால் 3 வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். விதி இல்லையென்றால் அவளுடைய வேதியியல் தாளுக்கு ஆர்டர் கொடுக்கவேண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று பதிவு செய்துவைத்துவிட்டு மே மாதம் போகாமல் இருந்தால் அதற்கும் 40 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த கடிதம் கதையைப் பற்றி இருக்கட்டும்.

அன்புடன்.