மரீனா வாயில் கை நடுங்குகிறதே?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 26 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இங்கிலாந்தின் பிரைட்டன் மரீனா என்ற படகுத்துறையில் கட்டியிருக்கிறோம். இதுவரை பயிற்சியாளர் கூடவே வந்தார். இனி நாங்களே போய்வர வேண்டும். வெளிக்கடலில் பயமில்லை, மரீனா வாயில்தான் கை நடுங்குகிறது. என்ன செய்யலாம் ஐயா?
— லண்டன் வாசகர்

பதில்: நடுங்க வேண்டிய இடத்தில்தான் நடுங்குகிறது தம்பி. அங்கே இயற்கைத் தடுப்பு எதுவும் கிடையாது. 1970களில் கடலுக்குள் கான்கிரீட் சுவர் எழுப்பிக் கட்டிய மரீனா அது. சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு முட்டி வாயில் குழப்பம் பண்ணும். போதாததற்கு மணலும் சேரும். அவ்வப்போது தூர்வாரினாலும் ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் வி.எச்.எஃப். ரேடியோவில் 80ஆம் சேனலில் மரீனாவைக் கூப்பிட்டு ஆழத்தைக் கேட்டுவிடுங்கள்.

தென்கிழக்குக் காற்று 20 நாட் வேகத்தை (மணிக்கு ஏறக்குறைய 37 கி.மீ.) தொட்டால் நான் கயிற்றை அவிழ்க்க மாட்டேன். வெளியே போய்விடலாம், திரும்பி நுழைவதுதான் பாடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல்மட்டம் ஏறக்குறைய 6 மீட்டர் ஏறி இறங்கும். அதனால் முழு வற்றத்தில் வந்து நிற்காதபடி, திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

இனி நுழைவது. வெளியே நீரோட்டம் கரையை ஒட்டிக் கிழக்கும் மேற்குமாக ஓடும், சுவருக்குள் தண்ணீர் ஏறக்குறைய அசையாது. மூக்கு உள்ளே வந்து, பின்பக்கம் இன்னும் ஓட்டத்தில் இருக்கும் அந்தச் சில நொடியில், வால் இழுபட்டுப் படகு சட்டென்று திரும்பும். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தால் சுக்கான் பேச்சைக் கேட்காது. வால் உள்ளே வரும்வரை வேகத்தை விடாதீர்கள், அப்புறம் குறைக்கலாம். பாயை வெளியிலேயே இறக்கிவிடுங்கள். சுவரோரம் கட்டுவதற்கான ஃபெண்டர்களையும் (படகு உரசாமல் தாங்கும் மெத்தைகள்) கயிறுகளையும் அங்கேயே தயார் செய்துவிடுங்கள்.

கிளம்பும்போது இன்ஜின் போட்டதும் புகைக்குழாயில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கள். பாய் ஏறி, வாயைத் தாண்டி நல்ல தூரம் போகும்வரை இன்ஜினை நிறுத்த வேண்டாம். படகு குலுங்கினால் டீசல் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் நின்றுவிடும். எங்கே குலுங்கும்? வாயில்தான். அதனால் நங்கூரத்தின் கட்டை அவிழ்த்து, உடனே போடும்படி வைத்திருங்கள். பளபளவென்று அழகாகக் கட்டிவைத்த நங்கூரம் அந்த நேரத்தில் எதற்கும் உதவாது.

கேள்வி: இருட்டிய பிறகு வந்தால்?
— அதே வாசகர்

பதில்: மேற்குச் சுவர் முனையில் சிவப்பு, கிழக்கில் பச்சை. உள்ளே வரும்போது சிவப்பு உங்கள் இடப்பக்கம். சென்னைத் துறைமுகத்திலும் இதே வழக்கம்தான், அமெரிக்காவில் தலைகீழ். ஆனால் பின்னால் ஊரே விளக்கு மயமாக இருப்பதால் இந்த இரண்டையும் கண்டுபிடிப்பது சிரமம். ஒருவர் சுக்கானில், ஒருவர் பைனாகுலரோடு முன்னால். இரண்டும் தெளிவாகத் தெரியும்வரை வெளியே ஆழத்திலேயே சுற்றிக்கொண்டிருங்கள்.