மீட்டர் 4.76 காட்டினால் தியரி தப்பா? பெங்களூரு இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கேள்வி பதில்

பீன்யாவில் பவர் சப்ளை தயாரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங் பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். நம் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, 10 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டரை சீரிஸில் போட்டேன். நடுவில் 5 வோல்ட் வரணும். மல்டிமீட்டர் 4.76 காட்டுது. லேப்பில் "பிராக்டிகல்னா அப்படித்தான், 5-னு எழுது"ங்கிறாங்க. (இரண்டாம் ஆண்டு, இசிஇ)

எழுதாதே தம்பி. வந்த ரீடிங்கையே எழுது.

சாதாரண டிஜிட்டல் மீட்டருக்குள் 10 மெகாஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். நீ முனையை வைத்ததும் அது உன் ரெசிஸ்டரோடு பேரலலாகச் சேர்ந்துகொள்ளும். 1 மெகாஓமும் 10 மெகாஓமும் பேரலலில் 0.909 மெகாஓம். 0.909-ஐ 1.909-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கிப் பார், 4.76 வரும். ஓம் விதி தவறவில்லை. நீதான் கணக்கில் மீட்டரை விட்டுவிட்டாய்.

ஆனால் சந்தேகம் இன்னொன்றும் உண்டு. ரெசிஸ்டரில் தங்க நிற வளையம் இருந்தால் மதிப்பு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், அதனாலும் 4.76 வரலாம். எது காரணம்? மற்ற ரெசிஸ்டரையும் அளந்து பார். அங்கேயும் 4.76 வந்தால் மீட்டர்தான் காரணம். கிட்டத்தட்ட 5.24 வந்தால் கோளாறு ரெசிஸ்டர்களில். பழைய முள் மீட்டர் கிடைத்தால் அதிலும் அளந்து பார். வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்று போட்டிருந்தால், 10 வோல்ட் ரேஞ்சில் ஏறக்குறைய 1.43தான் காட்டும்!

நான் படித்த காலேஜில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன். இந்தக் கேள்வியே எனக்கு வராமல் நாலு வருடம் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சார், மகன் மூன்றாம் ஆண்டு. யூடியூப் பார்த்து ப்ராஜெக்ட் செய்தால் போதும், கிளாஸ் வீண் என்கிறான். (ஒரு அம்மா, அல்சூர்)

செய்யட்டும் அம்மா, தடுக்காதீர்கள். கூடவே இதையும் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன், தானே செய்த ரோபோவைக் காட்டினான். அழகான சால்டரிங். ஆனால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். 12 வோல்ட் பேட்டரியை 7805 ஐசி வழியாக 5 வோல்ட் ஆக்கியிருந்தான், கரன்ட் அரை ஆம்பியர். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கி வாங்கி ஐந்து ஐசி மாற்றிவிட்டானாம்.

மிச்சமாகிற 7 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். அவ்வளவும் சூடு. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத அந்த ஐசி வாட்டுக்கு 65 டிகிரி அளவில் சூடேறும், அப்படியானால் 200 டிகிரிக்கு மேல். அதற்கு முன்பே ஐசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஐசி கெடவே இல்லை! சொன்னதும் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கைத்திறமைக்குக் குறையே இல்லை, அரை நிமிடப் பெருக்கல்தான் விட்டுப்போயிற்று.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடாக வாங்கலாமா?

வேண்டாம். எல்ஈடி மட்டும் எரிகிற சர்க்யூட்டாக இருந்தாலும் நீயே செய்தது போதும்.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்தேன் அண்ணா. சால்டரிங், வயரிங் எல்லாம் வரும். கணக்கு என்றால் பயம்.

உனக்குக் கை முந்திக்கொண்டது, அங்கிருந்தே கணக்குக்கு வா. 10 கிலோஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி எடுத்து மூன்றையும் சீரிஸில் சேர். முதல் இரண்டின் மதிப்பையும் பெருக்கினால் 10 விநாடி. காலியான கெபாசிட்டர் பத்தாவது விநாடியில் 63 சதவீதம், அதாவது 5.7 வோல்ட் தொடவேண்டும். இங்கே 10 கிலோஓம்தான் என்பதால் மீட்டர் குறுக்கிடாது. மொபைல் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு இரண்டு விநாடிக்கு ஒருமுறை அளந்து கிராஃப் போடு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 20 சதவீதம் முன்பின் இருக்கும், அதனால் 8 விநாடியிலோ 12 விநாடியிலோ தொட்டால் பதறாதே. அந்த வளைவைக் கையால் வரைந்த பிறகு, புத்தகத்தில் எக்ஸ்பொனன்ஷியல் பக்கத்தைத் திற.