பங்க்கே இல்லாத இடத்தில் கிணற்று நீரில் எம்டிபிஇ வருமா?

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயரில் பழைய வீடு ஒன்று வாங்கினோம். சொந்த போர்வெல். பரிசோதனையில் லிட்டருக்கு 9 மைக்ரோகிராம் எம்டிபிஇ (பெட்ரோலில் கலந்துவந்த ஒரு வேதிப்பொருள்) இருந்தது; பெட்ரோலில் இருக்கும் இன்னொரு பொருளான பென்சீன் இல்லை. 2 கிலோமீட்டருக்குள் பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது. எங்கிருந்து வந்திருக்கும்?

பதில்: பங்க்கை விடுங்கள், முதலில் உங்கள் மனையைச் சுற்றிப் பாருங்கள். நிலத்தடிப் பெட்ரோல் தொட்டிக் கசிவுதான் பெரிய மூலம். 1996-ல் சாண்டா மோனிகா நகரமே அதனால் கிணறுகளை மூடியது. ஆனால் ஒரு வீட்டுக் கிணற்றைக் கெடுக்க அவ்வளவு தேவையில்லை. 11 சதவீதம் எம்டிபிஇ கலந்த 1 லிட்டர் பெட்ரோலில் அது சுமார் 80 கிராம் இருக்கும். முழுவதும் நீரில் இறங்கினால், 60 லட்சம் லிட்டர் தண்ணீரை லிட்டருக்கு 13 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு ஏற்றிவிடும். குடிநீருக்கு உங்கள் மாநில வரம்பே அதுதான். பக்கத்து மெய்ன் மாநிலத்தில், ஸ்டாண்டிஷ் என்ற ஊரில் 1997 டிசம்பரில் ஒரே ஒரு கார் விபத்தில் சிந்திய பெட்ரோல் 24 கிணறுகளைத் தொட்டது.

பென்சீன் இல்லாததும் ஒரு தடயம். எம்டிபிஇ அதைவிட 25 மடங்குக்கு மேல் நீரில் கரையும், மண்ணில் ஒட்டாது. பென்சீனை நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்றுவிடும். எனவே மூலம் தள்ளி இருக்கலாம், அல்லது பழையதாக இருக்கலாம்.

உங்கள் மாநிலத்தில் 2007 முதல் பெட்ரோலில் எம்டிபிஇ கலக்கத் தடை. ஆகவே நீங்கள் போன வருடம் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றும்போது சிந்தியதைச் சந்தேகிக்க வேண்டாம். 2007-க்கு முன் ஷெட், பழைய வண்டி, பெட்ரோல் கேன் எல்லாம் எங்கே இருந்தன என்று முன்னாள் உரிமையாளரிடம் கேளுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் ஆயில் தொட்டியையும் விடாதீர்கள். அதில் எம்டிபிஇ சேர்ப்பதில்லைதான். ஆனால் பெட்ரோல் ஏற்றிய அதே டேங்கரிலும் குழாயிலும் வந்ததால் மிச்சம் கலந்த ஆயில் உண்டு. மழையில் வருவது மிகச் சொற்பம்.

மறுபரிசோதனைக்கு ஃபில்டருக்கு முன்னுள்ள குழாயில், சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஆய்வகம் தரும் 40 மில்லி குப்பியில் குமிழி நின்றால் எம்டிபிஇ அதற்குள் ஆவியாகி அளவு குறைத்துக் காட்டும். குப்பியில் முன்பே விட்டிருக்கும் அமிலத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஐஸில் வைத்து அனுப்புங்கள்.

ஃபில்டர் போடுவதானால் தேங்காய் ஓட்டுக் கரித் தொட்டி இரண்டை வரிசையாக வையுங்கள். எம்டிபிஇயைக் கரி பலவீனமாகவே பிடிக்கும். நடுவில் மாதிரிக் குழாய் இருந்தால்தான் முதல் தொட்டி தீர்ந்தது தெரியும்.